விளையாட்டு யந்திரம் ஏன் தள்ளாடுகிறது?

சித்திரை மாதத்து வெயிலைப் பற்றித் தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கே கடைத்தெரு களைத்துவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு நாய்கூட நிழலை விட்டு நகராது. அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில் அடுத்த வீட்டுப் பையன் என்னைக் கூப்பிட வந்தான்.

"மாமா, என் கம்ப்யூட்டரில் விளையாட்டு சரியாக ஓடமாட்டேன் என்கிறது. அப்பா கோபமாக இருக்கிறார். ஒரு நிமிஷம் வந்து பார்க்கிறீர்களா?" என்றான்.

பையன் சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய தகப்பனாருக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு, படிப்புக்கு உதவட்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அறைக்குள் போனேன். திரையில் ஒரு மோட்டார் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. முதல் பத்து நிமிஷம் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு திடீரென்று தயங்கிற்று, நின்றது, துள்ளிற்று. பையன் பொத்தானை அழுத்தினால், கார் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் வளைவு கடந்து போய்விட்டது.

"கடைக்காரரைப் போனில் கேட்டேன் மாமா. கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, புதுசு போடு, 25,000 ரூபாய் ஆகும் என்கிறார்" என்றான் பையன்.

தகப்பனார் வாசற்படியில் நின்றபடியே பேசினார். "போர் மோட்டார் மாற்றுவதற்கு எடுத்து வைத்த பணம் அண்ணா. அதை இதில் போடச் சொல்கிறான். இந்த விளையாட்டே வேண்டாமென்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். விளையாடி விளையாடி யந்திரத்தையே கெடுத்துவிட்டான்!"

ஆக, அந்த வீட்டில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருந்தன. யந்திரம் பழசு என்பது கடைக்காரர் தீர்ப்பு. விளையாட்டுதான் குற்றவாளி என்பது தகப்பனார் தீர்ப்பு. இரண்டுமே விசாரணை இல்லாமல் சொல்லப்பட்டவை. அன்று மாலை நாங்கள் அந்த விசாரணையைத்தான் நடத்தினோம். வீட்டில் இப்படி ஒரு யந்திரம் வைத்திருக்கும் எவரும் அதைத் தாமே செய்து பார்க்கலாம். ஆகையால் விவரமாகவே எழுதுகிறேன்.

வினாடிக்கு 60 படம்

விளையாட்டு என்பது யந்திரத்துக்கு எப்பேர்ப்பட்ட வேலை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆனால் அவை எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்த படங்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் அது நடக்காது. நீங்கள் காரை இடப்பக்கம் திருப்புவீர்களா, வலப்பக்கம் திருப்புவீர்களா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒவ்வொரு படத்தையும் அந்தந்தக் கணத்திலேயே கணக்குப் போட்டு வரைந்தாக வேண்டும். வினாடிக்கு 60 படம் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் 16.7 பங்குதான். அதாவது 16.7 மில்லி வினாடி. அதற்குள் கார் எங்கே இருக்கிறது, எதன்மேல் மோதியது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று எல்லாவற்றையும் தீர்மானித்து, 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகளுக்கும் நிறம் போட்டு முடிக்க வேண்டும்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி, பார்வையிட வரும் பொதுமக்கள் சலிப்படையாமல் இருப்பதற்காக ஒரு விளையாட்டைச் செய்து வைத்தார். ஆஸிலோஸ்கோப் கருவியின் சிறிய திரையில் தரைக்கு ஒரு கோடு, வலைக்கு ஒரு கோடு, பந்துக்கு ஒரு புள்ளி. இருவர் ஆடும் டென்னிஸ். அதைப் பார்க்கவே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு புள்ளியில் ஆரம்பித்த விளையாட்டு இன்று 20 லட்சம் புள்ளிகளுக்கு வந்து நிற்கிறது.

சராசரிக் கணக்கு இங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வினாடியில் 59 படங்கள் நேரத்துக்கு வந்து, ஒரே ஒரு படம் மட்டும் நூறு மில்லி வினாடி தாமதித்து வந்தாலும் கண்ணுக்கு அது வெட்டென்று தெரியும். பஸ் முழு வழியும் ஒழுங்காக ஓடினாலும், ஒரே ஒரு பள்ளத்தில் இறங்கியதுதானே பிரயாணிக்கு நினைவிருக்கிறது!

தொப்பூர்க் கணவாய்ப் பாடம்

இந்த வேலையை யந்திரத்துக்குள் நாலு பேர் பகிர்ந்து செய்கிறார்கள். என்ன நடக்கிறது என்று தீர்மானிப்பது பிராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. இருவருக்கும் வேண்டிய சாமான்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது ரேம். கிடங்கிலிருந்து சாமான் எடுத்துத் தருவது டிஸ்க்.

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வருகிறவர்கள் தொப்பூர்க் கணவாயை அறிவார்கள். பெரிய நெடுஞ்சாலைதான். ஆனால் மேட்டில் இரும்புப் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொரு லாரி அதை முந்தப் பார்த்தால் என்ன ஆகும்? பின்னால் வரும் புத்தம் புதிய காரும் அந்த லாரியின் வேகத்தில்தான் ஊர்ந்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் காருக்கு இன்னும் சக்தி வாய்ந்த எஞ்சின் போட்டால் பிரயோஜனம் உண்டா? ஒரு நிமிஷம்கூட முன்னால் போய்ச் சேர முடியாது.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். நாலு பேரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் மொத்த வேகம். பிராசஸர் தயங்கி நிற்கும்போது 25,000 ரூபாய்க் கார்டு போட்டால், அந்தக் கார்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆகவே, "எதை வாங்கலாம்?" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "மேட்டில் நிற்கும் லாரி எது?" என்று கேட்க வேண்டும்.

அந்துப்பூச்சியும் நோட்டுப் புத்தகமும்

பையனை ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வரச் சொன்னேன். "எதற்கு மாமா?" என்று சிரித்தான். அவனுக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் மார்க்-2 என்ற பெரிய கணக்கு யந்திரம் கோளாறு செய்தது. அதில் வேலை செய்தவர்கள் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்தார்கள். ஒரு ரிலேயின் உள்ளே அந்துப்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து எறிந்துவிடவில்லை. நேரத்தைக் குறித்து, அந்தப் பூச்சியையே குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது. யந்திரக் கோளாறுக்குப் 'பூச்சி' என்று பெயர் வைப்பது அதற்கு முன்பே எடிசன் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் உண்மையான பூச்சியே கோளாறாக வந்து அகப்பட்டது அன்றுதான்!

அவர்கள் வழி மூன்று விதிகளில் அடங்கிவிடும். ஊகிக்காதே, பார். பார்த்ததை எழுதி வை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய். ஒரே சமயத்தில் நாலு காரியம் செய்துவிட்டு, யந்திரம் சரியாகிவிட்டால், எது மருந்தாக வேலை செய்தது என்று தெரியாது. சரியாகாவிட்டாலோ புது வியாதி எது, பழைய வியாதி எது என்று தெரியாது.

காசு செலவில்லாத சோதனைகள்

செலவே இல்லாத சோதனைகளிலிருந்து தொடங்கினோம்.

முதலில் பெட்டியின் முதுகுப் பக்கம். திரைக்குப் போகும் ஒயரைச் சொருக அங்கே இரண்டு இடங்கள் இருக்கும். மேலே மற்ற ஒயர்களோடு சேர்ந்திருப்பது மதர்போர்டினுடையது. கீழே தனியாக, கிடைவாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் மறந்துபோய் மேலே சொருகிவிடுவது சர்வ சாதாரணம். அப்போது விலை உயர்ந்த கார்டு பெட்டிக்குள் சும்மா இருக்க, பிராசஸரோடு கூடிய சிறிய கிராபிக்ஸ் தலையில் சுமை விழும். பையனின் ஒயர் சரியான இடத்தில்தான் இருந்தது. நோட்டில் எழுதினான்: "ஒயர் சரி."

இரண்டாவது, திரை. வினாடிக்கு 144 தடவை படம் மாற்றக்கூடிய திரையை வாங்கிவிட்டு, விண்டோஸ் அமைப்பில் 60 என்றே விட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. பையனுடையது 60 தடவை மாற்றும் திரைதான். அதுவும் சரி.

மூன்றாவது, இன்டர்நெட். பலர் இரண்டு தாமதங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். படம் வரைவதில் தாமதம் வேறு. வெளியூரிலுள்ள விளையாட்டு நிலையத்துக்குச் செய்தி போய்த் திரும்பும் தாமதம் வேறு. இன்டர்நெட் தாமதித்தால் எதிராளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுவான்; ஆனால் உங்கள் பார்வையை நீங்கள் திருப்பும்போது படம் வழுக்கிக்கொண்டே திரும்பும். சோதிப்பது சுலபம். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, தனியாக ஆடும் விளையாட்டை ஆடிப் பாருங்கள். நாங்களும் துண்டித்தோம். தள்ளாட்டம் அப்படியே இருந்தது. இன்டர்நெட் விடுதலை.

நாலாவது, மறைவாக ஓடும் நிரல்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' வரும். பிராசஸர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். விளையாட்டு ஏதும் ஓடாதபோதே பிராசஸர் மூச்சு வாங்கினால் சந்தேகப்பட வேண்டும். பென் டிரைவில் கைமாறி வரும் திருட்டு விளையாட்டுகளோடு, உங்கள் மின்சாரத்தில் வேறொருவனுக்கு மின்னணு நாணயம் தேடிக் கொடுக்கும் களவாணி நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. பையனின் யந்திரத்தில் அப்படி எதுவும் இல்லை.

தீர்ப்பை மாற்றிய சோதனை

ஐந்தாவது சோதனைதான் முக்கியமானது. விண்டோஸ் சாவியோடு 'ஜி' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால், விளையாட்டின்மேல் ஒரு சிறு சாளரம் திறக்கும். வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை அதில் காணலாம். தொடக்கத்தில் 70 வந்தது. பத்து நிமிஷத்துக்குப் பிறகு 22 ஆயிற்று.

தள்ளாட்டம் தொடங்கியதும், விளையாட்டின் அமைப்பில் படத்தின் அளவை 1920க்கு 1080லிருந்து 1280க்கு 720ஆகக் குறைக்கச் சொன்னேன். இப்போது ஒரு படத்துக்கு 9,21,600 புள்ளிகள்தான். முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. வரைகிறவனுடைய சுமையைப் பாதியாக இறக்கிவிட்டோம் அல்லவா? கிராபிக்ஸ் கார்டுதான் களைத்திருந்தது என்றால், வேகம் கிடுகிடுவென்று ஏற வேண்டும்.

ஏறவில்லை. 22 இருந்தது 23 ஆயிற்று. அவ்வளவுதான்.

பையன் என் முகத்தைப் பார்த்தான். "அப்படியானால் கார்டு மேல் குற்றமில்லையா?"

"இல்லை. அதன் வேலையைப் பாதியாக்கியும் வேகம் கூடவில்லை. அது வேறு யாருக்கோ காத்திருக்கிறது."

தகப்பனார் வாசற்படியிலிருந்து அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உஷ்ணம்

காத்திருக்க வைத்தது யார்? டாஸ்க் மானேஜரில் பிராசஸரின் வேகத்தைப் பார்த்தோம். விளையாட்டு தொடங்கும்போது 4 கிகாஹெர்ட்ஸ் காட்டியது, தள்ளாடும்போது 1.4க்கு இறங்கியிருந்தது. வெப்பநிலையைக் காட்டும் இலவச நிரல் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். பிராசஸர் 100 டிகிரி சென்டிகிரேடில் நின்றது. தண்ணீர் கொதிக்கும் சூடு!

பிராசஸர் என்பது கோடிக்கணக்கான மிக நுண்ணிய மின்சார விசைகள் அடங்கிய ஒரு சில்லு. ஒவ்வொரு விசையும் திறந்து மூடும்போது துளி உஷ்ணம் பிறக்கிறது. வேகம் கூடினால் உஷ்ணமும் கூடும். வெப்பம் எல்லை மீறினால் சில்லு கருகிவிடாமல் இருக்க, அதைச் செய்தவர்களே அதற்குள் ஒரு காவலை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களில் அந்த எல்லை 100 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைந்தால் உஷ்ணம் குறையும், உயிர் பிழைக்கும். ஆகவே பையனின் யந்திரம் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இங்கே நம் ஊர் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. பிராசஸரைக் குளிர்விப்பது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளும் ஒரு விசிறியும். அவை அறைக் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்க முடியும். கடும் வேலையில் பிராசஸர் அறையைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி உள்ள குளிரூட்டிய அறையில் அது 85ல் நின்றுவிடும். சித்திரை மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஓட்டு வீட்டில் அதே யந்திரம், அதே விளையாட்டு 100ஐ எட்டிவிடும். மார்கழியில் நன்றாக ஓடியது சித்திரையில் தள்ளாடுவதற்கு இந்தப் பதினைந்து டிகிரியே போதும்.

ஆனாலும் வெயில் மட்டுமே காரணமானால், போன வருஷக் கோடையிலும் இது நடந்திருக்க வேண்டுமே! வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வியை நான் அப்போதுதான் கேட்டேன்: "இது எப்போதிலிருந்து?"

பையன் யோசித்தான். "போன மாதம் விடுதியிலிருந்து கொண்டு வந்தேன் மாமா. அதற்கப்புறம்தான்."

"எப்படிக் கொண்டு வந்தாய்?"

"பஸ்ஸில். கடைசி ஸீட்டுக்குக் கீழே."

பெட்டியைத் திறந்தோம்

மின்சாரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, சற்று நேரம் கழித்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே நம் ஊர்ச் செம்மண் தூசி மெத்தை விரித்திருந்தது. அலுமினியத் தகடுகளின் இடுக்குகள் அடைத்துப்போய்க் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தன. விசிறி சுற்றினாலும் காற்று புகுவதற்கு வழி இல்லை.

தூசியைத் துடைக்க ஈரத் துணி கூடாது. மென்மையான பிரஷ்ஷும் கையடக்கமான ஊதுகுழல் யந்திரமும் போதும். பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொள்ளலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது தப்பு. அந்தக் காற்றின் வேகம் அதிகம். தொட்டியில் தேங்கிய ஈரமும் சேர்ந்து வரும். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று விசிறி கெட்டுப்போகும். மின்சாரம் உள்ளே வரும் பெட்டி இருக்கிறதே, எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள், அதைமட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

தூசி போனதும் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. பிராசஸரின் மேலுள்ள விசிறி, நான்கு பிளாஸ்டிக் கால்களால் மதர்போர்டைக் கவ்விக்கொண்டு நிற்கும் ரகம். அந்த நான்கில் ஒன்று துளையிலிருந்து மேலே எழும்பி நின்றது. பஸ்ஸின் குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும். ஒரு கால் தூக்கியதால் அலுமினியக் கட்டி ஒரு பக்கம் சாய்ந்து, பிராசஸருக்கும் அதற்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி உண்டாகிவிட்டது. மயிரிழைதான்! ஆனால் காற்று உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா மந்தம். அந்த இடைவெளி போதும், உஷ்ணம் மேலே போகாமல் பிராசஸரிலேயே தங்குவதற்கு.

அந்த இடைவெளி இருக்கக் கூடாதென்றுதான் நடுவில் ஒரு பசை தடவியிருப்பார்கள். தெர்மல் பேஸ்ட் என்று கம்ப்யூட்டர் கடைகளில் சிறிய குழலில் கிடைக்கும். ஒருமுறை விசிறியைத் தூக்கிவிட்டால் பழைய பசை உதவாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் இரு பக்கமும் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதுப் பசை வைத்தால் போதும். அழுத்தத்தில் அதுவே பரவிக்கொள்ளும். பிறகு கால்களை மூலைக்கு மூலை எதிரெதிராக ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். 'டக்' என்ற சத்தம் நான்கு தடவை கேட்டாக வேண்டும். விசிறியின் ஒயரை மறக்காமல் மறுபடி அதன் இடத்தில் சொருக வேண்டும்.

பையனே எல்லாவற்றையும் செய்தான். தகப்பனார் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

மற்ற வியாதிகள்

யந்திரம் மறுபடி உயிர்பெற்ற கதையைச் சொல்லுமுன், ஓர் எச்சரிக்கை. எல்லார் வீட்டு யந்திரத்துக்கும் இதே நோய்தான் என்று எண்ணிவிடக் கூடாது. குறிகளைக் கொண்டு மற்ற நோய்களையும் பிரித்து அறியலாம்.

படத்தின் அளவைக் குறைத்ததும் வேகம் நன்றாக ஏறினால், கிராபிக்ஸ் கார்டுதான் மேட்டில் நிற்கும் லாரி. அப்போதும் அவசரப்பட வேண்டாம். கார்டின் விசிறியிலும் தூசி இருக்கும். அதன் வெப்பநிலையைப் பாருங்கள். அதை இயக்கும் டிரைவர் நிரல் பழசா என்றும் பாருங்கள். விளையாட்டு அமைப்பில் நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். எல்லாம் செய்தும் போதாவிட்டால்தான் புதுக் கார்டு. அதைத் தாங்கும் சக்தி எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு உண்டா என்றும் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டிப் பிறகு சரியானால், டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றுகிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு படத்தின் 16.7 மில்லி வினாடியில் பெரும்பகுதி தேடுவதிலேயே தீர்ந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. ஒரு மில்லி வினாடிக்கும் வெகு குறைவான நேரத்தில் எடுத்துத் தந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத யந்திரமானால், ரேமைக் கவனியுங்கள். 16 ஜி.பி. ஒரே குச்சியாக இருப்பதைவிட, 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாகச் சரியான துளைகளில் இருந்தால், தகவல் இரண்டு வழியாக ஓடும். ஒற்றையடிப் பாதையை இரட்டைப் பாதையாக்கியதுபோல் வேகம் கூடும். எந்தத் துளைகள் என்பது மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு சந்தேகமும் எழும். மாலையில் பல மோட்டார்கள் ஓடும்போது விளக்கு மங்குகிறதே, குறைந்த வோல்டேஜால் விளையாட்டு மெதுவாகிறதோ என்று கேட்பார்கள். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. இக்காலத்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். 230 வோல்ட் வெகுவாக இறங்கினாலும் உள்ளே சரியான அளவையே தரும்; முடியாவிட்டால் யந்திரம் சட்டென்று அணைந்துவிடும். ஆகவே மெதுவாக ஓடினால் ஒரு நோய். திடீரென்று அணைந்தால் வேறு நோய். இரண்டாவதற்கு மின்சாரத்தையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் முதலில் பாருங்கள்.

மறுபடியும் பந்தயம்

பெட்டியை மூடாமலே மின்சாரம் கொடுத்தோம். அதே கார், அதே பாதை, அதே வெயில். பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. அரைமணி ஆயிற்று. பிராசஸர் 84 டிகிரியில் நின்றது. வேகம் 4 கிகாஹெர்ட்ஸை விட்டு இறங்கவில்லை. படம் 70லேயே ஓடிற்று. ஆன செலவு பசைக்கும் ஆல்கஹாலுக்கும் சில நூறு ரூபாய்.

தகப்பனார் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியென்றால் விளையாட்டு இதைக் கெடுக்கவில்லையா அண்ணா?"

"கெடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது. கடிதம் எழுதும்போதும் பாடம் படிக்கும்போதும் யந்திரம் சும்மா நடந்து போகிறது. கால் ஊனம் தெரியாது. விளையாட்டில்தான் அது ஓட வேண்டியிருக்கிறது. பையன் விளையாடாமலே இருந்திருந்தால், பரீட்சை சமயத்தில் பெரிய கணக்கு ஒன்றைப் போடச் சொல்லும்போது இதே மாதிரி மக்கர் பண்ணியிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "ரெண்டு வாரமாக இதனால் இவனோடு பேசவில்லை" என்று மெதுவாகச் சொன்னார். பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரரையும் நாம் குறை சொல்லக் கூடாது. யந்திரத்தைப் பார்க்காமல் போனில் கேட்டால் எவரும் ஊகிக்கத்தான் முடியும். பார்க்க வேண்டியது நம் வேலை. அடுத்த முறை உங்கள் வீட்டு யந்திரம் தள்ளாடும்போது, பணப் பையைத் திறக்குமுன் இவற்றைக் கேளுங்கள். எப்போதிலிருந்து? எத்தனை நிமிஷம் கழித்து? படத்தைச் சிறிதாக்கினால் வேகம் கூடுகிறதா? எவ்வளவு சூடு? நாலு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு போனால், கடைக்காரரும் சரியான மருந்தைத் தருவார்.

அடுத்த வாரம் மாந்தோப்பில் புது மோட்டார் இறங்கியது. தண்ணீர் விழுவதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பையன் விடுதிக்குத் திரும்பும்போது, இந்தத் தடவை விசிறியைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். பெட்டி அவன் மடியில் இருந்தது.